முன்பெருக்கி வாங்குமுன் அலுமாரியைத் திறவுங்கள்

புகலிடம் தேடி வந்த ஆரம்ப ஆண்டுகளில் ஒற்றை அறையில் ஒரு கசெற் பெட்டியுடன் வாழ்ந்த எம்மவர் பலர், இன்று வெம்பிளியிலும் ஈஸ்ற்ஹாமிலும் ரூட்டிங்கிலும் தத்தம் இல்லங்களில் பெறுமதி மிக்க ஹைபை அமைப்புக்களை வைத்திருக்கின்றனர். ஆயினும் கடைக்குச் சென்றதும் நாம் கேட்கும் முதற் கேள்வி "எத்தனை வாற்?" என்பதாகவே இருக்கின்றது. "எமது வீட்டில் கேட்பதற்கு என்ன இருக்கின்றது?" என்பதே முதலில் எழவேண்டிய வினா. அதற்கேற்பத் தெரிவு செய்யப்படவேண்டியது, ஒலிபெருக்கிகளை இயக்கும் வலுப்பெருக்கிக்கு முன்னே அமரும் முன்பெருக்கி, அதாவது 'பிரீ அம்பிளிபயர்' ஆகும்.

இக்கருவி பல மூலங்களில் ஒன்றைத் தெரிந்தெடுக்கின்றது, நலிந்த மின்சைகையை வலுவூட்டுகின்றது, ஒலியளவைக் கட்டுப்படுத்துகின்றது. இறுவட்டுக் கருவி ஏறத்தாழ 2 வோல்ற் அளவில் சைகை தருகின்றது. இசைத்தட்டின் காந்த ஊசித்தலை தருவதோ ஏறத்தாழ 5 மில்லிவோல்ற் மட்டுமே. நானூறில் ஒரு பங்கு. அன்றியும், தட்டில் பதிக்கும்போது தாழ்சுரங்களைக் குறைத்தும் உயர்சுரங்களை மிகுத்தும் பதிக்கின்றனர். 1954இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டுப் பின்னர் உலகெங்கும் பரவிய நியமம் இது. முன்பெருக்கியின் இசைத்தட்டு உள்ளீடு அதனைத் தலைகீழாக்கி ஈடுசெய்கின்றது. அவ்வுள்ளீடு இல்லாத கருவியில் தட்டைச் சுழலவிட்டால் மெலிந்த கீச்சொலியே கேட்கும். இசைத்தட்டுக்கள் உள்ள வீட்டார் இதனை முதலில் கவனித்தல் வேண்டும்.

எமது பழைய தட்டுக்களுக்கும் இந்நகருக்கும் ஓர் உறவு உண்டு. ஹெச்.எம்.வி., கொலம்பியா ஆகிய பெயர்களில் வெளிவந்த தமிழ் இசைத்தட்டுக்களின் தாய் நிறுவனமான ஈ.எம்.ஐ., மேற்கு லண்டனின் ஹேஸ் பகுதியில் பெருந்தொழிற்சாலை நடத்தியது. அந்நிறுவனத்தின் பொறியியலாளர் அலன் புளூம்லைன் 1931 டிசம்பரில் இரட்டைத்தட ஒலிப்பதிவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எனினும் அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் தமிழ்த் தட்டுக்கள் ஒற்றைத் தடத்திலேயே வெளிவந்தன. ஆகவே 'மோனோ' விசை உள்ள முன்பெருக்கி எமக்கு ஏற்றது. இரு தடங்களையும் அது ஒன்றாக்கும்போது, ஊசி மேலுங்கீழும் அசைவதால் எழும் இரைச்சல் பெருமளவு அற்றுப்போகும். 78 சுழற்சித் தட்டு வைத்திருப்போர்க்கு அகன்ற ஊசியும் தேவை. அக்காலப் பதிவு நியமங்கள் கம்பனிக்குக் கம்பனி வேறுபட்டமையால், தாழ்சுரத்தையும் உயர்சுரத்தையும் திருத்தும் குமிழ்களும் வேண்டும். இக்குமிழ்கள் ஒலியின் தூய்மையைக் கெடுப்பன என்று இரசிகர் சிலர் ஒதுக்குகின்றனர். புதிய இறுவட்டுக்கு அது பொருந்தலாம். தேய்ந்த தட்டுக்குப் பொருந்தாது.

அடுத்தது வீட்டின் நிலை. அடுத்த வீட்டாருடன் ஒரே சுவரைப் பகிரும் தொடர்வீடுகளிலும் அடுக்குமாடிகளிலுமே எம்மிற் பலர் வாழ்கின்றோம். இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை எழும் இரைச்சல் குறித்து நடவடிக்கை எடுக்க 1996ஆம் ஆண்டின் இரைச்சற் சட்டம் நகரசபைகளுக்கு அதிகாரம் அளிக்கின்றது. பெருக்கம் மிகுந்த முன்பெருக்கியில் குமிழைச் சிறிது திருப்பியதுமே வீடு அதிரும். அதன் தொடக்க எல்லையிலோ இரு தடங்களும் சமமாக ஒலிப்பதில்லை. பாட்டு ஒருபக்கம் சாய்ந்துவிடும். பெருக்கம் குறைந்த கருவியே நள்ளிரவு வேலை முடிந்து வந்து தாழ்ந்த ஒலியில் கேட்பவருக்கு உகந்தது. வலுப்பெருக்கியின் உள்ளீட்டு மின்தடை, முன்பெருக்கியின் வெளியீட்டு மின்தடையைப் போல் குறைந்தது 10 மடங்கு இருப்பதையும் உறுதி செய்துகொள்க. 1967இல் வெளிவந்த குவாட் 33 போன்ற பிரித்தானியக் கருவிகளைப் பாவித்த நிலையில் வாங்குவோர், முதிர்ந்த மின்கொள்ளளவிகளை மாற்றும் செலவையும் விலையுடன் சேர்த்துக் கணக்கிடல் நன்று.

"எல்லாம் கைத்தொலைபேசியில் இருக்கும்போது இவையெல்லாம் எதற்கு?" என்று இளையோர் கேட்கக்கூடும். திரைப்பாடல்களைப் பொறுத்தவரை அக்கேள்வி நியாயமானதே. ஆனால் ஊர்க்கோவில் திருவிழாவில் எவரோ பதிவுசெய்த மேளக்கச்சேரி, தொலைபேசி வசதியற்ற காலத்தில் கடிதத்திற்குப் பதிலாகக் கசெற்றில் பேசியனுப்பிய அம்மாவின் குரல் ஆகியவற்றை எந்தச் சேவையும் தரப்போவதில்லை. அளவெட்டி தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். இன்று அவருடைய தவிலை ஒலிப்பதிவுகளில் மட்டுமே கேட்கலாம். எந்த வீட்டு அலுமாரியில் எவருடைய வாசிப்பு உறங்குகின்றது என்பதை யாரறிவார்? ஒலிநாடாக்களோ ஆண்டுதோறும் நலிந்துகொண்டிருக்கின்றன.

ஆகவே முன்பெருக்கியில் 'பதிவு வெளியீடு' இருத்தல் அவசியம். ஒலியளவுக் குமிழுக்கு முன்னரே சைகையை எடுத்துத் தரும் துளை அது. அதனைக் குறைந்த விலையில் கிடைக்கும் ஒலி இடைமுகம் ஒன்றின் வழியாகக் கணினியுடன் இணைத்தால், கேட்கும்போதே பிரதி எடுத்துவிடலாம். கடைக்குச் செல்லும்போது உங்கள் சொந்தத் தட்டையும் கசெற்றையும் எடுத்துச் செல்லுங்கள். நாதஸ்வரமும் தவிலும் ஒருங்கே ஒலிக்கும் பதிவைப் போடச் சொல்லுங்கள். தவிலின் வெடிப்பும் நாதஸ்வரத்தின் நீண்ட நாதமும் ஒன்றையொன்று விழுங்காமல் ஒலிக்கும் கருவியையே வாங்குங்கள். விலை உயர்ந்த கருவியை அடுத்த ஆண்டும் வாங்கலாம். நாடா அதுவரை காத்திருக்குமா என்பதை எவராலும் சொல்லமுடியாது.