பூனைக்கு ஏது புரட்டாசி?

புரட்டாசி வரப்போகுது. இனி திருப்பதி சாலையில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு நடந்து போகிற கூட்டத்தைப் பார்க்கலாம். திருப்பாச்சூரில் எங்க வீட்டிலும் ஒரு மாசத்துக்குக் கவிச்சி கிடையாது. என் அம்மா காலத்திலிருந்தே அப்படித்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த வருஷம் வீட்டில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் விலக்கு வாங்கி வைத்திருக்கிறேன். அந்த ஆள் எங்க பூனை வெள்ளையன்.

எதற்கு என்று கேட்பீங்க. போன வருஷ கதையைச் சொன்னால்தான் புரியும்.

முன்னே எங்களிடம் ஒரு கிழப்பூனை இருந்தது. வைக்கோல் போரும் மாட்டுக்கொட்டகையும்தான் அதற்கு வீடு. காலையில் பால் கறக்கும்போது வந்து நிற்கும், ஒரு கரண்டி பால் ஊற்றுவோம். மதியம் ஒரு பிடி தயிர் சோறு. பத்து வருஷத்துக்கு மேல் நோய் நொடி இல்லாமல் இருந்தது. "பால் சோறு தின்னே எப்படி இருக்குது பாரு"ன்னு நாங்களும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். கடைசியில் யாரோ வயலில் மருந்து வைத்த எலியைத் தின்றுவிட்டுச் செத்தது. அன்றைக்கு என் மகள் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "அப்பா, அடுத்த பூனை வீட்டுக்குள்ளதான் இருக்கணும்."

அப்படி வந்தவன்தான் வெள்ளையன். கருத்தடையும் செய்தாச்சு. வெளியே லாரி, நாய், எலி மருந்து. உள்ளே ஃபேன், சோபா. பழைய பூனைக்குப் போட்ட அதே பால், அதே தயிர் சோறு. கூடவே கடையில் வாங்கிய காய்ந்த பாக்கெட் தீனி, அதுவும் தட்டு நிறைய. வாரத்தில் இரண்டு நாள் மீன் வேக வைத்த தண்ணியும் துண்டும் கிடைக்கும். மூன்று வயசில் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டான்.

போன புரட்டாசியில் அந்த மீனும் நின்றது. மூன்றாவது வாரம் மணல் தட்டில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான். ஒரு சொட்டு வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாளை வீணாக்கினேன். மறுநாள் கத்த ஆரம்பித்ததும்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீர்ப் பாதை அடைப்பு. ஆண் பூனைக்கு அந்தப் பாதை ரொம்பக் குறுகல். அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். குழாய் போட்டு எடுத்தார்கள். எட்டாயிரத்துக்கு மேல் செலவு.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "ஐயா, இவனுக்குத் தண்ணி எதிலிருந்து கிடைக்குது?" கிண்ணத்தில் வைக்கிறோமே என்றேன். பூனை தானாகப் போய்த் தண்ணீர் குடிப்பது குறைவாம். அதன் உடம்பு, தின்கிற இரையிலிருந்தே தண்ணீரை எடுத்துக்கொள்ளப் பழகியது. எலியின் உடம்பில் நூற்றுக்கு எழுபது பங்கு தண்ணீர். காய்ந்த தீனியில் பத்துப் பங்குதான். தண்ணீர் குறைவு, உடம்புப் பருமன், ஓடியாடாமல் இருப்பது எல்லாம் சேர்ந்துதான் இப்படி ஆகும், ஒன்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு மாடுதான் ஞாபகம். மேய்ச்சலுக்குப் போகிற மாடு பத்து விதப் பச்சையைத் தேடித் தின்றுவிடும். அதையே கொட்டிலில் கட்டிப்போட்டால் வெறும் வைக்கோல் போதுமா? கோ-4 புல், பிண்ணாக்கு, தாது உப்பு எல்லாம் நாம்தானே கணக்குப் பார்த்து வைக்கிறோம். இது தெரியாத விவசாயி உண்டா? பூனை விஷயத்தில் மட்டும் எப்படி மறந்தேன்? கிழப்பூனையைக் காப்பாற்றியது எங்க தயிர் சோறு இல்லை. அது ராத்திரி பிடித்த எலிதான். வெள்ளையனைக் கதவுக்குள் அடைத்த அன்றே எலியை அவனிடமிருந்து பறித்துவிட்டேன். அதற்குப் பதில் ஒன்றும் வைக்கவில்லை.

பூனை கறி தின்றே ஆக வேண்டிய பிராணி. நாய் மாதிரி கூழும் சோறும் குடித்து ஒப்பேற்ற அதனால் முடியாது. டாரின் என்று ஒரு சத்து, கறியிலும் மீனிலும்தான் இருக்கிறது. நம் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும், பூனை உடம்பால் போதிய அளவு செய்ய முடியாது. அது குறைந்தால் பார்வை போகும் என்று 1975-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் பூனைகளுக்குப் புரதமாகக் கொடுத்தது என்ன தெரியுமா? பாலிலிருந்து எடுத்த கேசீன்! இதயமும் வீங்கிப் பலவீனமாகும் என்பது 1987-இல் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் தீனி கம்பெனிகள் அதைக் கூடுதலாகச் சேர்க்க ஆரம்பித்தன. ஒரு மாச விரதத்தில் கண் போய்விடாது. ஆனால் வருஷம் முழுக்கத் தயிர் சோறு போடுகிற வீடுகள் நம்ம பக்கம் எத்தனை!

இப்போது நாங்கள் செய்வது இதுதான். டாரின் உட்பட எல்லாச் சத்தும் சேர்த்த பூனைத் தீனி, அளந்து, இரண்டு வேளை. அதில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊற வைப்போம். கூடவே கோழிக்கடையில் கேட்டால் கிடைக்கும் கோழி இதயம், கொஞ்சம் சதை. ஈரல் எப்போதாவது சின்னத் துண்டு, அதிகமானால் வைட்டமின் ஏ ஏறிவிடும். மீன் பூண்டி ஏரியுடையதோ பழவேற்காட்டுடையதோ, முள் எடுத்து, வேக வைத்துத்தான். சில மீன்கள் பச்சையாக இருந்தால் பி1 சத்தை அழித்துவிடும். வேக வைத்த தண்ணியையும் கொடுப்போம், சத்து அதில்தான் இறங்குகிறது. உப்பு, மிளகாய் கிடையாது. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது, அது பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். அதனால் மீன் குழம்புச் சோறும் நின்றது. கருவாடும் வேண்டாம், அவ்வளவு உப்பு. வெறும் கறியை மட்டும் போட்டாலும் சுண்ணாம்புச் சத்து குறையும்.

இளைக்க வைக்கணும் என்று ஒரேயடியாகப் பட்டினி போட்டுவிடாதீங்க. குண்டுப் பூனை சில நாள் தின்னாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். நாங்கள் மெல்ல மெல்லத்தான் குறைத்தோம். இப்போது வெள்ளையன் ஜன்னல் மேல் தாவுகிறான்.

"மனுஷனுக்கே கறி எட்டாத விலை, பூனைக்கா?" என்று ஒரு சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு நாளைக்குப் பூனை தின்பது ஒரு கைப்பிடிதான் சித்தப்பா. அதுவும் முடியாதென்றால் பூனையை அடைத்து வளர்க்க வேண்டாம்.

வீட்டுக்காரம்மாதான் முதலில் முகம் சுளித்தாள். "ஏங்க, புரட்டாசியில அடுப்புல கவிச்சியா?" வெளியே மாட்டுக்கொட்டகை ஓரம் தனி அடுப்பு, தனிச் சட்டி என்று சமாதானம் ஆயிற்று. சட்டி கழுவுவது என் வேலை. பெருமாளுக்கு நேர்ந்துகொண்டது நாம. வெள்ளையன் ஒன்றும் நேர்ந்துகொள்ளவில்லையே.

உங்க வீட்டுப் பூனையும் உள்ளேயே இருக்கிறதா? இன்றைக்கு அதன் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை போய்ப் பாருங்க.