அலுவலக வலையமைப்பில் சொந்த மடிக்கணினி

களப்பணியாளர், ஆசிரியர் ஆகியோரிற் பலர் இன்று தம் சொந்த மடிக்கணினியையே அலுவலக வேலைக்கும் பயன்படுத்துகின்றனர். அலுவலகம் கருவி வழங்காவிடினும் வேலை நின்றுவிடலாகாது என்னும் கடமையுணர்ச்சியே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஆயினும், வீட்டில் பிள்ளைகள் விளையாட்டு நிரல்களை இறக்கிய கருவி மறுநாள் அலுவலக வலையமைப்பில் இணையும்போது, அதனுள் மறைந்திருக்கும் வைரஸும் உடன் நுழையக்கூடும். ஒரே வலையமைப்பிலுள்ள கணினிகள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ள வல்லவை. ஆகவே ஒன்றன் நோய் மற்றவற்றிற்கும் பரவும்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019ஆம் ஆண்டு நிகழ்ந்தது இங்கு நினைக்கத்தக்கது. அந்நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகத்தின் தலைமை அலுவலகம் மும்பையில், செம்பூரை அடுத்த அணுசக்தி நகரில் உள்ளது. கழகத்தின் கணினி அமைப்பில் தீங்கு செய்யும் நிரல் புகுந்திருப்பதை, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அவ்வாண்டு செப்டம்பர் 4ஆம் நாள் கண்டு தெரிவித்தது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, அவற்றைத் தாக்குதல் இயலாது என்று அக்டோபர் 29ஆம் நாள் நிலையம் அறிவித்தது. நிரல் புகுந்தது உண்மையே எனக் கழகம் மறுநாள் உறுதிசெய்தது. இணையத்தோடு தொடர்புடைய நிர்வாக வலையமைப்பிலிருந்த பயனர் ஒருவரின் கணினியே பாதிக்கப்பட்டது என்றும், முக்கியமான உள் வலையமைப்பு அதனின்று பிரிக்கப்பட்டிருந்தது என்றும் அது விளக்கிற்று. கணினி எவருடைய உடைமையாயினும் பாடம் ஒன்றே: தனிமனிதர் விழிப்புத் தவறும் இடத்தில் காப்பது வலையமைப்புகளுக்கு இடையேயுள்ள சுவராகும்.

தாராவியிலோ மாதுங்காவிலோ உள்ள பள்ளிக்கு இத்தகைய காவல் எதற்கு எனச் சிலர் வினவலாம். பள்ளிப் பதிவேட்டில் மாணவரின் முகவரி, ஆதார் எண், பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியன உள்ளன. அவை ஒருமுறை பிறர் கைக்குச் சென்றால் மீட்க இயலாது.

இதற்குச் சொந்தக் கருவியை முற்றிலும் தடைசெய்வது பரிகாரமாகாது. மாற்றுக் கருவி தராத தடை, மறைவாகப் பயன்படுத்தும் வழக்கத்தையே வளர்க்கும். இன்றைய வைஃபை கருவிகளிற் பெரும்பாலானவை விருந்தினருக்கெனத் தனி இணைப்பை அளிக்க வல்லவை. சொந்த மடிக்கணினிகளை அதில் மட்டும் இணைத்து, பதிவேடுகள் உள்ள கணினிகளை வேறாக வைத்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தலும், அலுவலகக் கடவுச்சொல்லைச் சொந்தக் கருவியில் சேமியாதிருத்தலும் பயனரின் கடமை.

கணினித் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. அரசு அமைப்புகளும் அதற்கு உட்பட்டவை. தண்டனைக்கு அஞ்சும் ஊழியர் ஐயத்தை மறைப்பார்; அவர் மறைக்கும் ஒவ்வொரு மணியும் வைரஸுக்கு ஆதாயம். ஆகலின், உடனே தெரிவிப்பவரைக் குற்றவாளியாகக் கருதாது காவலராகக் கருதும் மனப்பான்மையை அலுவலகத் தலைவர்கள் மேற்கொள்ளுதல் இன்றியமையாதது.