வண்டியை முதலில் தேர்க

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா என்னும் புயல் சென்னையைக் கடந்ததை நம் வாசகர் எளிதில் மறந்திரார். அன்று யான் சிறுவன். மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையில் நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. அடிமரத்தை விறகுக் கடைக்காரர் ஒருவர் மறுநாளே அறுத்துக்கொண்டு போனார். இலையும் சிறு கிளையுமாகிய குவியலோ பொங்கல் கழிந்தும் கிடந்தது. அதன்மேல் வீட்டுக் குப்பை சேர்ந்தது. யாரோ ஒருவர் தீயிட்டார். அருகே நின்ற வேம்பின் பட்டை கருகிற்று. வீழ்ந்த மரத்தால் நின்ற மரமும் கெட்டதைக் கண்ட வருத்தமே இதனை எழுதத் தூண்டியது.

அண்மையில் எம் பகுதிக் குடியிருப்போர் சிலர் கூடி, 'சிப்பர்' என வழங்கும் கிளை நறுக்கும் பொறியொன்றைப் பொதுவில் வாங்கலாமா என ஆராய்ந்தனர். என் தந்தையாருடன் சென்று யானும் ஒரு மூலையில் அமர்ந்திருந்தேன். பேச்சு முழுதும் பொறியின் வாயைப் பற்றியதே: ஆறு அங்குலமா, பன்னிரண்டு அங்குலமா? நறுக்கியதைச் சுமக்கும் வண்டியைப் பற்றி ஒருவரும் வினவவில்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைத் தேர்வுத்தாளில் புகழ்கின்றோம். தெருமரத்துக்கு ஏற்ற வண்டி யாது என ஒரு கணமும் எண்ணுகின்றோமில்லை. முதலில் வண்டியையும் பின்னரே பொறியையும் தேர்தல் வேண்டும் என்பது என் துணிபு. தமிழ் பயிலும் மாணவனுக்கு இயந்திரத்தில் என்ன வேலை என நகைப்போர் நகைக்க.

கிளைகளை அப்படியே ஏற்றினால் வண்டி பெரும்பாலும் காற்றையே சுமக்கிறது. நறுக்கினால் குவியல் நாலில் ஒரு பங்காகவோ அதனினும் குறைவாகவோ சுருங்கும்; எடையோ சுருங்குவதில்லை. 10 அடி நீளமும் 5 அடி அகலமும் 3 அடி உயரமும் உடைய தொட்டி 150 கன அடி கொள்ளும். அதனைப் பச்சை மரச்சில்லால் நிரப்பினால் எடை ஏறத்தாழ ஒன்றரை டன் ஆகும். நனைந்தால் இன்னும் கூடும். அச்சும் தடையும் எவ்வளவு தாங்கும் என அறியாமல் பக்கப் பலகைகளை உயர்த்திக் கட்டுவது பேதைமை.

டிராக்டரின் சுழல்தண்டால் இயங்கும் பொறி விலை குறைந்ததே. ஆயினும் அது டிராக்டரின் பின்புறத்திலேயே பூட்டப்படுவதால், சாய்த்துக் கொட்டும் டிரெய்லரை அதே வேளையில் அங்கே பூட்டவியலாது. வண்டியை முன்னர்க் கொணர்ந்து நிறுத்தி, அவிழ்த்து, மீண்டும் போய்ப் பொறியைக் கொணரவேண்டும். வேலை முடிந்ததும் இவ்வாட்டமே மறுபடியும். அடையாறு காந்தி நகர் போன்ற அகன்ற சாலைகளில் இஃது பெரிய குறையன்று. கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த சந்துகளிலோ டிராக்டர் திரும்புதற்கே இடமில்லை. தியாகராய நகரின் கடைத்தெருக்களில் கடை திறக்குமுன் முடித்தாக வேண்டும். அத்தகைய இடங்களுக்கு, சிறிய டிப்பர் லாரியொன்றும், அதன் பின்னே இழுத்துவரத்தக்க, தனக்கெனத் தனி எஞ்சின் உடைய சிறு பொறியும் போதும். பொறியின் குழாய் சில்லை நேரே லாரியின் தொட்டிக்குள் வீசும்; அவிழ்த்துப் பூட்டும் வேலையில்லை.

ஆறு அங்குல வாய் போதுமா எனின், போதும் என்பேன். பருத்த மரம் எப்படியும் விலையாகிவிடுகிறது. எஞ்சுவன மெல்லிய கிளைகளே. தூங்குமூஞ்சியின் கோணற் கவைகள் சிறு வாயில் சிக்கும் என்பது உண்மை. அவற்றை அரிவாளால் பிளந்து கொடுக்க ஓர் ஆள் வேண்டும். தென்னமட்டையின் நார் உருளையில் சுற்றிக்கொள்ளும். அதனைத் தனியே ஒதுக்குதல் நன்று. விளம்பரப் பலகைக்காக மரத்தில் அறைந்த ஆணியொன்று கத்தியின் கூரைக் கெடுத்துவிடும். ஆகவே சிறு பொறியால் மிஞ்சும் பணத்தை மாற்றுக் கத்திகளுக்கும், அதனினும் முதன்மையாக, வேலையாட்களுக்கும் செலவிடுக. நம் மரம் வெட்டுவோர் கைலியும் தலைத்துண்டும் அணிந்தே உழைக்கின்றனர். உருளை கவ்விய கிளை நொடியில் உள்ளே போகும்; உடன் சிக்கிய துணியும் போகும்; அதனைப் பற்றிய கையும் போகும். கை எட்டாத நீண்ட ஊட்டுதட்டும், உடல் பட்டாலே உருளையை நிறுத்தும் சட்டமும் இல்லாத பொறி இலவசமாய்க் கிடைப்பினும் வேண்டா.

சில்லைப் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பெருங்குடிக் குப்பை மேட்டுக்கு ஏற்றிச் செல்வானேன்? நாகேசுவரராவ் பூங்காவும் நடேசன் பூங்காவும் அருகிலேயே உள்ளன. அடிமரத்தைத் தொடாமல் மூன்று அங்குலக் கனத்தில் மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கும். வண்டியின் ஓட்டமும் குறையும். சாலையோரத்தில் மட்டும் பரப்பற்க. வடகிழக்குப் பருவமழையில் மிதந்து வடிகாலை அடைக்கும்.

அடுத்த கூட்டம் ஐப்பசிக்கு முன் கூடும் என்கின்றனர். யானும் என் தம்பியும் அளவுநாடா கொண்டு எங்கள் சந்தின் அகலத்தை அளந்து வைத்துள்ளோம்: 9 அடி, ஒருபுறம் இருசக்கர வண்டிகள் நிற்கும்போது 7 அடி. வேம்பின் கருகிய தழும்பு இன்னும் தெருமுனையில் இருக்கிறது.