எக்ஸ்சேஞ்ச் எண்டால் இரண்டு வியாபாரம்

திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய்க்கு இருபது ரூபா குறைக்கச் சொல்லி கால்மணித்தியாலம் நிற்கிற ஆக்கள் நாங்கள். ஆனால் ஏசி போட்ட ஷோரூமுக்குள் போனவுடன் எங்களுக்கு வாய் வராது. போன மாதம் எங்கட வீட்டில் நடந்ததும் இதுதான்.

அக்காவுக்கு வேலைக்குப் போக ஒரு ஸ்கூட்டர் தேவைப்பட்டது. அப்பாவின் 2013ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிளைக் குடுத்து எக்ஸ்சேஞ்சில் எடுப்பம் என்று எல்லாரும் சேர்ந்து போனோம். அங்கிருந்தவர் பைக்கை ஒருக்காச் சுற்றி வந்தார், டயரைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். பிறகு கல்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். "ஐயா, பழசைத் தந்திட்டு 5 லட்சம் போட்டால் காணும்." காசு கட்டப்போறது அக்கா. அவர் கதைத்தது முழுக்க அப்பாவோட.

நாங்களும் "கொஞ்சம் குறைக்கேலாதோ?" எண்டு மட்டும் கேட்டிட்டு வந்துவிட்டோம். எதைக் குறைக்கச் சொல்லிக் கேட்டோம் என்று எங்களுக்கே தெரியாது. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் என்பது ஒரு வியாபாரம் இல்லை, இரண்டு. புதுசை நாங்கள் வாங்குகிறோம், பழசை நாங்கள் விற்கிறோம். இரண்டையும் ஒரே எண்ணுக்குள் போட்டுவிட்டால் எதில் லாபம், எதில் நட்டம் என்று ஒருத்தருக்கும் விளங்காது, விற்கிறவரைத் தவிர.

வீட்டுக்கு வந்துதான் பிரித்துப் பார்த்தோம். ஸ்கூட்டர் 7,20,000. பழைய பைக்குக்கு அவர் போட்டது 1,90,000. "எக்ஸ்சேஞ்ச் போனஸ்" 30,000. மிச்சம் 5 லட்சம், கணக்குச் சரி. ஆனால் ஊரில் பைக் திருத்துகிற அண்ணாவிடம் காட்டினால், வெளியில 2,50,000க்குப் போகும் எண்டார். பழசே இல்லாமல் காசுக்கு எடுத்தால் எவ்வளவு என்று அக்கா தொலைபேசியில் கேட்டபோது, அதே ஷோரூமில் 25,000 கழிவு தருவதாகச் சொன்னார்கள். அப்படிப் பார்த்தால் எங்களுக்குக் கிடைக்க இருந்த போனஸ் வெறும் 5,000. பழசில் போக இருந்தது 60,000.

இன்னொரு கதையும் சொன்னார்கள். "இறக்குமதி திறந்திட்டுது, இனிப் பழசுக்கு விலையில்லை." 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் தொடங்கியது என்பது உண்மை. ஆனால் புதுசு ஏன் இவ்வளவு விலை என்று கேட்டால், "இறக்குமதி வரி கூடவெல்லோ" என்கிறார்கள். புதுசு அந்த விலையில் நிற்கும்போது ஓடக்கூடிய பழசைத் தேடுகிற ஆக்கள் இருக்கத்தான் செய்வினம். லீசிங் மேசையிலும் இதே பாணிதான். "மாசம் எவ்வளவு கட்டுவீங்கள்?" என்றுதான் முதல் கேள்வி. எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு என்பதை நாங்களாகத்தான் கேட்கவேணும்.

எக்ஸ்சேஞ்ச் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வெளியில் விற்பதென்றால் தெரியாத ஆக்கள் போன் எடுப்பார்கள், ஓடிப்பார்க்கக் கேட்பார்கள், காசைத் தவணை சொல்லி இழுப்பார்கள். அந்தக் கரைச்சலைத் தவிர்க்கக் கொஞ்சம் குறைத்துக் குடுக்கலாம். எவ்வளவு குறைக்கிறோம் என்று தெரிந்து குடுக்கவேணும், அவ்வளவுதான்.

இரண்டாம் முறை அக்காதான் கதைத்தா. "பழசைப் பிறகு பாப்பம். முதல்ல புதுசின்ர விலையைத் தனியா எழுதித் தாங்கோ." கடைசியில் பழசுக்கு 2,25,000 போட்டார்கள். வெளியில் விற்றிருந்தால் இன்னும் 20,000 மிஞ்சியிருக்கும். அது எங்கட அலைச்சலுக்கான கூலி என்று தெரிந்தே விட்டோம்.

அதைவிட முக்கியமாக அக்கா பிடிச்ச பிடி, உரிமை மாற்றம். வாங்குகிறவரின் பெயர் இல்லாத படிவத்தில் கையெழுத்து வாங்கி, "ஓப்பன் பேப்பரில்" வண்டியைக் கைமாற்றுவது இங்கே சாதாரணம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாறும்வரை அந்த இலக்கத்தகடு அப்பாவின் பெயரில்தான் இருக்கும். யாரோ ஒருவன் அந்த பைக்கில் எதையாவது செய்தால் பொலிஸ் முதலில் தேடி வரப்போவது எங்கட வீட்டை. எங்கட ஊரில் அதன் அர்த்தத்தை விளக்கத் தேவையில்லை. வாங்குகிறவரின் பெயரும் திகதியும் போட்டபிறகுதான் அப்பா கையெழுத்து வைத்தார். பிரதியும் எடுத்து வைத்திருக்கிறோம்.

ஷோரூம்கள் புதுசின் விலை, பழசின் விலை, கழிவு, மொத்த வட்டி எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதித் தரவேணும். அதைக் கேட்கிறது எங்கட உரிமை. அம்மா அப்பாவோடு கூடப் போகிற நாங்கள் ஸ்கூட்டரின் நிறத்தை மட்டும் தெரிவு செய்துவிட்டு வரக்கூடாது. கத்தரிக்காய்க்குத் திறக்கிற வாயை அங்கேயும் திறப்பம்.