அது வெளியே போன பந்து

அந்தப் பந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. மைதானத்தில் நின்ற இருபத்திரண்டு பேருக்கும் அது தெரியும். சுவரோரம் உட்கார்ந்து பார்த்த பெரியவர்களுக்குத் தெரியும். கோல் என்று விசில் ஊதிய ரெஃப்ரிக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனாலும் ஸ்கோர் 2-1 என்று எழுதிவிட்டார்கள். நாங்கள் செமி ஃபைனலோடு வெளியே. நான் வாயைத் திறந்தால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "விடு நைனா, சண்டே மேட்ச்தானே!"

எப்படி விடுவது? எங்கள் டீமில் ஒருவன் துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறான். இருவர் சாப்பாடு டெலிவரி. ஒருவன் ராத்திரி ஷிப்ட் முடிந்து கண் சிவக்க நேராக மைதானத்துக்கு வருகிறவன். திங்கள் முதல் சனி வரை யார் யாரோ சொல்வதைக் கேட்டு ஓடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தங்களுக்காக ஓடுகிறார்கள். அதைத்தான் "தானே" என்ற ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிறீர்கள். எங்கள் வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று எழுதுகிறார்கள். தனபால் கணேஷ் இந்தத் தெருக்களிலிருந்து போய்தான் சென்னையின் எஃப்.சி. சட்டையைப் போட்டார் என்று பெருமையாகப் பேசுகிறார்கள். அவரும் இப்படிப்பட்ட காலை நேர மேட்சுகளில் கால் தேய்த்தவர்தானே? அப்படி இருக்க, இந்த மேட்சில் நடக்கும் அநியாயம் மட்டும் எப்படிச் சின்ன விஷயமாகிவிடும்?

நடந்ததைச் சொல்கிறேன். முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். நல்ல கோல், குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் பாதி தொடங்கியதும் கார்னரில் வந்த பந்தை எங்கள் பையன் தலையால் முட்டிச் சமன் செய்தான். அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்க அவர்கள் பாதியில்தான். ஒரு ஷாட் பாரில் பட்டுத் திரும்பியது. இன்னொன்று கோட்டின் மேல் நின்ற அவர்கள் பேக்கின் முழங்காலில் பட்டு வெளியே போனது. எங்கள் பார்வர்டு ஒருவன் தனியாகக் கோலியை நோக்கி ஓடும்போது பந்து ஒரு பள்ளத்தில் துள்ளி அவன் ஷின்னில் அடித்தது. இதற்கெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை, இன்றைக்கும் பேசவில்லை. பாரும் பள்ளமும் எதிராளியின் முழங்காலும் ஆட்டத்துக்குள் இருப்பவை. இன்று அவர்களுக்கு உதவும், நாளை எங்களுக்கு உதவும்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். டை பிரேக்கர்தான் என்று நாங்கள் மனதுக்குள் ஆள் பிரித்துக்கொண்டிருந்தோம். அவர்கள் விங்கர் ஒரு கிராஸ் அடித்தான். காலில் சரியாகப் படவில்லை. பந்து எல்லோரையும் தாண்டி, ஒரு முறை தரையில் குத்தி, தூரத்துப் போஸ்ட்டுக்கு வெளியே உருண்டுகொண்டிருந்தது. எங்கள் கோலிக்குப் பதினேழு வயது. கையை விரித்து "விடு, விடு, அவுட்டு!" என்று கத்தினான். ஸ்டாப்பராக நின்ற நான் காலை இழுத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து கிரிக்கெட் மேட்சிலிருந்து ஒரு டென்னிஸ் பந்து எங்கள் போஸ்ட் பக்கம் வந்தது. அதை எடுக்க ஒரு பையன் ஓடிவந்து, கோட்டுக்கு உள்ளே, போஸ்ட்டுக்குக் கை எட்டும் தூரத்தில் குனிந்தான். எங்கள் பந்து அவன் கெண்டைக்காலில் பட்டது. திரும்பியது. நெட்கூட இல்லாத கோலுக்குள் உருண்டு போனது.

விசில். ரெஃப்ரியின் கை நடுக்கோட்டைக் காட்டியது.

அந்தச் சின்னப் பையன் மீது எங்களுக்குத் துளியும் கோபமில்லை. ஒரே மைதானத்தில் நாலு கிரிக்கெட்டும் ஒரு ஃபுட்பாலும் நடக்கிற ஊர் இது. அவன் ஸ்டம்பு எங்கள் கார்னருக்குள் நிற்கிறது, எங்கள் கோடு அவன் பிட்சைக் கிழித்துக்கொண்டு போகிறது. விளையாட இடம் கொடுக்காத ஊரில் பிறந்தது அவன் குற்றமா? ஆனால் கோல் கொடுத்தவர் சின்னப் பையன் இல்லை. அவர் சட்டையில் பேட்ஜ் இருந்தது, கையில் விசில் இருந்தது, சட்டைப்பையில் மஞ்சளும் சிவப்பும் இருந்தன. விதி தெரிந்தவர் என்று நம்பித்தான் எங்கள் ஆட்டத்தை அவர் கையில் கொடுத்தோம்.

விதி என்ன சொல்கிறது? டீம் பட்டியலில் இல்லாத வெளியாள் உள்ளே வந்து ஆட்டத்தில் குறுக்கிட்டால் ஆட்டத்தை நிறுத்தி, டிராப் பால் போட்டுத் தொடங்க வேண்டும். வந்தது நாயானாலும் இன்னொரு பந்தானாலும் அதேதான். ஒரே ஒரு விலக்கு உண்டு. பந்து ஏற்கெனவே கோலை நோக்கிப் போய்க்கொண்டிருந்து, தடுக்க வந்தவனை அந்த ஆள் மறிக்காமல் இருந்தால், அவன் மீது பட்டாலும் கோல் செல்லும். எங்கள் விஷயத்தில் பந்து கோலை நோக்கிப் போகவே இல்லை. அதைக் கோலாக்கியதே அந்தக் கால்தான். கோல் ஆனபோது வெளியாள் உள்ளே இருந்து குறுக்கிட்டது தெரிந்தால், ஆட்டம் மறுபடி தொடங்குவதற்கு முன்பு ரெஃப்ரி அந்தக் கோலை ரத்து செய்தே ஆக வேண்டும் என்று 3-ஆவது விதி சொல்கிறது. தொடங்கிவிட்டால்தான் ஒன்றும் செய்ய முடியாது.

தொடங்குவதற்கு முன்பு நாங்கள் கேட்டோம், ஐயா! பந்தை நடுவில் வைக்கவிடாமல் அவரைச் சுற்றி நின்று, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டோம். அந்தப் பையனையே கூப்பிட்டு வந்து நிறுத்தினோம். "ஆமா சார், என் கால்லதான் பட்டுச்சு" என்று அவனே சொன்னான். அதற்கு ரெஃப்ரி சொன்ன பதில்: "கிரவுண்டுன்னா நாலு பேர் குறுக்க வரத்தான் செய்வாங்க. ஆடுறீங்களா, வாக் ஓவர் குடுத்துடவா?" எனக்கு மஞ்சள் அட்டை காட்டினார். ஆடினோம். மிச்சமிருந்த சில நிமிடங்களில் என்ன ஆட முடியும்?

இப்படி ஒன்று பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 2009 அக்டோபர் 17-ஆம் தேதி இங்கிலாந்தில் சண்டர்லாந்துக்கும் லிவர்பூலுக்கும் மேட்ச். ஐந்தாவது நிமிடத்தில் டேரன் பென்ட் அடித்த பந்து, கேலரியிலிருந்து யாரோ போட்ட சிவப்பு நிறக் கடற்கரைப் பந்து ஒன்றில் பட்டுத் திசை மாறி, கோலி ரெய்னாவை ஏமாற்றி உள்ளே போனது. ரெஃப்ரி மைக் ஜோன்ஸ் கோல் கொடுத்தார். லிவர்பூல் 1-0 என்று தோற்றது. விதிப்படி அது கோல் அல்ல என்று உலகமே பேசியது. அடுத்த வாரம் அந்த ரெஃப்ரியைக் கீழ் டிவிஷனுக்கு அனுப்பினார்கள். லிவர்பூலுக்குப் புள்ளி திரும்பி வரவில்லைதான். ஆனால் தவறு நடந்தது என்பதையாவது ஊர் ஒப்புக்கொண்டது. எங்களுக்கு அந்த ஒப்புதலும் இல்லை. புகார் கொடுக்கப் பணம் கட்டச் சொன்னார்கள், எங்களுக்குள் வசூலித்துக் கட்டினோம். கமிட்டி ஒரு வரியில் முடித்துவிட்டது: ரெஃப்ரி முடிவே இறுதி. நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, நெட் கட்டாமல், கயிறு இழுக்காமல், கோல் போஸ்ட் பின்னால் ஒரு ஆளை நிறுத்தாமல் மேட்ச் நடத்தியவர்களுக்கு, கையில் செல்போன் வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டியும் பார்க்க நேரமில்லை.

சரி, ரெஃப்ரியை விடுங்கள், கமிட்டியை விடுங்கள். ஜெயித்தவர்களே, உங்களைக் கேட்கிறேன். நீங்கள் வேற்றூர்க்காரர்கள் இல்லை. அடுத்த தெரு. சின்ன வயதில் ஒரே பந்தை உதைத்தோம். உங்கள் கேப்டன் வீட்டுக் கல்யாணத்தில் நான் இலை போட்டிருக்கிறேன். பந்து எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியாதா? ரெஃப்ரியிடம் "சார், அது கோல் இல்ல" என்று ஒருவன், ஒரே ஒருவன் சொல்லியிருக்கக் கூடாதா? மேட்ச் முடிந்ததும் தோளில் கை போட்டு, "மச்சி, எங்களுக்கு லக்கு" என்றீர்கள். என் உடம்பு எரிந்தது.

1999 பிப்ரவரியில் எஃப்.ஏ. கோப்பையில் ஆர்சனலும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் ஆடின. அடிபட்டுக் கிடந்த தங்கள் ஆளுக்காக ஷெஃபீல்டு பந்தை வெளியே அடித்தது. மரியாதைப்படி ஆர்சனல் அதை எறிந்து அவர்களிடமே திருப்பிக் கொடுக்கப் பார்த்தது. அன்றுதான் முதன்முதலாக ஆர்சனலுக்கு ஆட வந்திருந்த கனு அது புரியாமல் பந்தைப் பிடித்து ஓடி, ஓவர்மார்ஸுக்குக் கொடுக்க, கோல். 2-1. விதிப்படி அந்தக் கோலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மேட்ச் முடிந்த கையோடு ஆர்சனல் மேனேஜர் ஆர்சன் வெங்கர் மறுபடி ஆடலாம் என்று தானாகவே முன்வந்தார். பத்து நாளில் மறுபடி ஆடினார்கள். ஆர்சனல் மறுபடி 2-1 என்றே ஜெயித்தது. செல்லுபடியான கோலையே வேண்டாம் என்றவர்கள் இருக்கும் ஆட்டம் இது. செல்லாத கோலை மடியில் கட்டிக்கொண்டு போனீர்களே!

எனக்குக்கூட ஆறிவிடும். எங்கள் கோலிக்கு எப்படி ஆறும்? ரோட்டில் போனால் கூப்பிட்டு, "இன்னாடா, சும்மா நின்னு பாத்துக்கினியாமே" என்கிறார்கள். அவன் கை விரித்து நிற்பதையும் பந்து உள்ளே போவதையும் மட்டும் வெட்டி, சிரிக்கும் பொம்மைகளைப் போட்டு, ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கிரிக்கெட் பையனின் கால் பட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டார்கள். வெளியே போகிற பந்தை விடச் சொன்னது எந்தக் கோலியும் செய்கிற காரியம். சரியானதைச் செய்ததற்குத் தண்டனை வாங்குகிறான் அவன். பிராக்டிசுக்கு வருவதில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "நீங்க போங்கண்ணா, வேற ஆள பாத்துக்கங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டான். இதற்கு எந்தக் கமிட்டி பதில் சொல்லும்?

கோப்பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பரிசுப் பணத்தில் எங்களுக்குப் பங்கு வேண்டாம். ஒரே ஒரு காலை நேரம் கொடுங்கள். ஸ்கோர் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்து, விட்ட இடத்திலிருந்து டை பிரேக்கர் அடிப்போம், ஆளுக்கு ஐந்து. எங்கள் கோலில் அதே பையன்தான் நிற்பான். நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்தால் அவனைக் கூட்டி வருவது என் பொறுப்பு. அதில் தோற்றால் உங்கள் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டுப் போகிறோம், அதற்குமேல் இந்தப் பேச்சை எடுக்க மாட்டோம். மைதானம், நேரம், ரெஃப்ரி எல்லாம் உங்கள் விருப்பம். எந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.