தவிட்டைத் தள்ளினால் குடலுக்குப் பட்டினி

சாமை, தினை, குதிரைவாலி பயிரிடும் விவசாயிகளுக்கும், அவற்றை வாங்கிச் சமைப்பவர்களுக்கும் ஒரு கேள்வி. கடைகளில் வெள்ளை வெளேரென்று கிடைக்கிறதே சாமை அரிசி, அதன் தவிடு எங்கே போனது?

உமியை நீக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் உமிக்கு அடியில் ஒட்டியிருக்கும் தவிடு கழிவல்ல. நார்ச்சத்து அதில்தான் அதிகம். அந்த நாரை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் உட்சுவர் செல்களுக்கு அதுவே முக்கிய எரிபொருள். அழற்சியையும் அது தணிக்கிறது. நார் கிடைக்காவிட்டால், சில பாக்டீரியாக்கள் குடல் சுவரைக் காக்கும் சளிப் படலத்தையே தின்னத் தொடங்குகின்றன என்பது எலிகளில் செய்த ஆய்வில் தெரியவந்தது. தொழு உரம் காணாத மண் கெடுவதைப் போலத்தான் இதுவும்.

2015இல் வெளியான ஓர் ஆய்வில், 20 அமெரிக்கக் கறுப்பினத்தவரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தினர் 20 பேரும் இரண்டு வாரங்களுக்குத் தங்கள் உணவு முறையை மாற்றிக்கொண்டார்கள். நார் மிகுந்த உணவுக்கு மாறிய அமெரிக்கர்களுக்குப் பியூட்டிரேட் கூடியது, குடல் அழற்சி குறைந்தது. கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த உணவுக்கு மாறிய கிராமத்தினருக்கு நேர் எதிராக நடந்தது.

இதை வைத்து, 'சிறுதானியம் புற்றுநோயைக் குணமாக்கும்' என்று பையில் அச்சடிப்பது தவறு. முழுதானியம் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்க உதவும் என்ற அளவில்தான் சொல்லலாம். நோய் வந்தவருக்கு மருத்துவரே வழி.

தவிட்டோடு வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும் என்கிறார்கள் ஆலைக்காரர்கள். உண்மைதான், தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. அதற்குத் தீர்வு தவிட்டை நீக்குவதல்ல, அரைக்கும் நாளைத் தள்ளிப்போடுவது. உமியோடு இருக்கும் சிறுதானியம் நெடுநாள் கெடாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் உமி நீக்கும் இயந்திரத்தை ஊரிலேயே வைத்து, தேவைக்கேற்ப உமியை மட்டும் நீக்கி, அரைத்த தேதியை அச்சிட்டு விற்கலாம்.

வாங்குபவர்களே, நிறம் மங்கலாக இருக்கிறதே என்று ஒதுக்காதீர்கள். நன்றாக ஊறவைத்துச் சமையுங்கள். வயிறு பழகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நீங்கள் வெள்ளை நிறத்தைக் கேட்கும்வரை, ஆலையில் தவிட்டைத் தீட்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.