வாப்பாவின் மாத்திரையும் உம்மாவின் உடம்பும்

ஆண்-பெண் வேறுபாடு என்றதும் வகுப்பில் பிள்ளைகளுக்கு இனப்பெருக்கத் தொகுதிதான் ஞாபகம் வரும். உமிழ்நீர்ச் சுரப்பியிலுமா என்று கேட்டுச் சிரிப்பார்கள். சுண்டெலியின் கீழ்த்தாடைச் சுரப்பியை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

ஆண் எலியில் அச்சுரப்பியின் சுருண்ட குழாய்கள் பருத்து, கலங்கள் உயர்ந்து, உள்ளே சிறுமணிகள் நிரம்பிக் கிடக்கும். பெண் எலியில் அதே குழாய்கள் ஒடுங்கியவை, மணிகளும் குறைவு. எல்லாம் ஆண் ஓமோனின் வேலை. ஆணின் விதைகளை அகற்றினால் குழாய்கள் சுருங்கிவிடும். பெண்ணுக்கு அந்த ஓமோனை ஏற்றினால் ஆணுடையதைப் போலப் பருக்கும்.

ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் அமெரிக்காவில் நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தேடியபோது, அது ஏராளமாகக் கிடைத்தது ஆண் சுண்டெலியின் இந்தச் சுரப்பியில்தான். (அதற்கு முதல் பாம்பு விஷத்தில்!) 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு.

உமிழ்நீர்ச் சுரப்பியே இப்படியென்றால், உடல் மருந்தைக் கையாளும் விதத்தில் வேறுபாடு இராதா? ஆனாலும் ஆய்வுகூடங்கள் நெடுங்காலம் ஆண் விலங்குகளையே அதிகம் பாவித்தன. பெண்ணின் ஓமோன் சுழற்சி முடிவுகளைக் குழப்புமாம். அந்தச் சுழற்சியோடுதானே நமது சகோதரிகள் மருந்து குடிக்கிறார்கள்?

சொல்பிடெம் என்ற தூக்க மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1992இல். அது பெண்களின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுகிறது, காலையில் வாகனம் ஓட்டும்போதும் தூக்கக் கலக்கம் மிஞ்சலாம் என்று சொல்லி, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது 2013இல். இருபது வருடம்! விலங்காய்வுகளில் இரு பாலையும் கணக்கில் எடுங்கள் என்ற அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தின் கொள்கை நடைமுறைக்கு வந்ததும் 2016இல்தான்.

இதை வைத்து “பார்த்தீர்களா, ஆணே பெரிது” என்று பதிவு போடக் கிளம்புவோருக்கும் ஒரு சேதி. ஹம்ஸ்டரின் கண்ணருகே ஹார்டர் சுரப்பி என்று ஒன்றுண்டு. அதில் போர்பிரின் என்ற நிறப்பொருள் பெண்ணில்தான் மிக அதிகம். அதற்காகப் பெண் ஹம்ஸ்டருக்குத் தலைமைப் பதவி கொடுப்போமா? வேறுபாடு வேறு, தரவரிசை வேறு. பெண் பிள்ளைக்கு விஞ்ஞானப் பிரிவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தச் சுரப்பிகளில் ஒரு ஆதாரமும் இல்லை. அவர்களில் நாலு பேர் ஆய்வுகூடத்துக்குப் போனால்தான் பெண் எலியும் கூண்டுக்குள் வரும்.

வாப்பாவுக்கு எழுதிய மாத்திரையை “அதே வருத்தம்தானே” என்று உம்மாவுக்கும் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் நமது வீடுகளில் உண்டு. அதை நிறுத்துவோம். வைத்தியரிடம் போனால், பெண்ணுக்கும் இதே அளவுதானா என்று கூச்சமில்லாமல் கேட்போம்.